மனதுக்கும் ஒரு லைட் டியூட்டி

சென்னையின் தொழிற்பேட்டைகளில் ‘மெடிக்கல் போட்டிருக்கிறார்’ என்று ஒரு வழக்கு உண்டு. மருத்துவ விடுப்பில் இருக்கிறார் என்று பொருள். சொல்லும் குரலைப் பொறுத்து அதன் உட்பொருள் மாறும். கை முறிந்து மாவுக்கட்டு போட்டவரைப் பற்றிச் சொன்னால் குரலில் பரிவு இருக்கும். வெளியே எதுவும் தெரியாதவரைப் பற்றிச் சொன்னால், மச்சினன் கல்யாண வேலையாகப் போயிருப்பார் என்ற சந்தேகம் அதில் ஒட்டியிருக்கும். மனநோய்க்காக விடுப்பு எடுத்தவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது இந்த இரண்டாவது குரல்தான். உண்மைக் காரணம் கசிந்துவிட்டால் ‘கீழ்ப்பாக்கமா?’ என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். 1794இல் வேர்விட்ட ஓர் அரசு மனநல மருத்துவமனை இன்று இருக்கும் இடத்தின் பெயரை இந்நகரம் தலைமுறை தலைமுறையாக வசையாக வைத்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு அஞ்சியே தங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்காமல், வேலையை விட்டு நின்றுவிட்டவர்களை நான் அறிவேன்.

என் தம்பி அம்பத்தூரில் ஓர் உதிரிபாக நிறுவனத்தில் சி.என்.சி. இயந்திரம் ஓட்டுகிறான். 2023 ஜனவரியில் கடும் மனச்சோர்வால் படுக்கையை விட்டு எழ முடியாமல் போனான். ஆறு மாதங்களுக்கு மேல் நீண்ட அந்த விடுப்பின் காகித வேலைகள் முழுவதையும் அக்காவாகிய நான்தான் செய்தேன். ஒரு கையெழுத்துப் போட அவனுக்கு அரை மணி நேரம் பிடித்த நாட்கள் அவை. எழுந்து பல் துலக்கவே தெம்பில்லாத ஒருவரிடம், வரிசையில் நில், படிவம் நிரப்பு, மறுபடி வா என்று கேட்கிறது இந்த ஏற்பாடு. பக்கத்தில் ஒருவர் இல்லாவிட்டால் அது நடக்காது. அப்படிப் பக்கத்தில் நிற்கப்போகும் இன்னொரு அக்காவுக்காக, அண்ணனுக்காக, மனைவிக்காக இதை எழுதுகிறேன். தம்பியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். எல்லாரும் இ.எஸ்.ஐ. என்று அழைக்கும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் இதில் வருவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதமும் நிறுவனத்தின் பங்காக 3.25 சதவீதமும் கட்டப்படுகிறது. 18,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளி 135 ரூபாய், நிறுவனம் 585 ரூபாய். தியாகராய நகர் துணிக்கடை ஊழியர், அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, கிண்டிப் பட்டறையின் வெல்டர், ஒரகடத்து ஒப்பந்தத் தொழிலாளி என்று இந்நகரத்தைச் சுமப்பவர்களில் பெரும்பகுதியினரின் சம்பளச் சீட்டில் இந்தப் பிடித்தம் இருக்கும். எங்கள் வீட்டில் அந்த 135 ரூபாயை இருமல் மருந்துக்கான சந்தா என்றே நினைத்திருந்தோம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தரும் உறுதிமொழியும் அதற்குள் இருக்கிறது என்பது தம்பி படுத்த பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பெயர் நோய்க்கால உதவித்தொகை. சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாட்கள். இதைப் பெற, அதற்குரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தா, அடுத்து வரும் ஜனவரி முதல் ஜூன் வரையிலான பயன்காலத்துக்குக் கணக்காகும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்கு. இன்று கட்டுவது இன்றைக்கு உதவாது, அடுத்த காலத்துக்குத்தான் உதவும் என்ற இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது ஒரு பெரிய சிக்கலாக வந்து நிற்கும்.

எந்த நோய் என்ற கேள்வியை இந்த 91 நாட்களுக்குச் சட்டம் எழுப்புவதில்லை. மருத்துவர் சான்று தந்தால் டைபாய்டும் மனச்சோர்வும் அதற்கு ஒன்றுதான். மனிதர்கள் காட்டும் வேறுபாட்டை எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சட்டம் காட்டவில்லை என்பது எனக்கு அந்நாட்களில் பெரிய ஆறுதலாக இருந்தது.

நடைமுறை இப்படி. காப்பீட்டு எண்ணோடு இணைக்கப்பட்ட டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். அங்குள்ள மருத்துவர் முதல் சான்றைத் தருவார். தேவைப்பட்டால் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். சென்னையில் அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் அந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. விடுப்பு நீள நீள இடைக்காலச் சான்றுகள் வாங்க வேண்டும். திரும்பும் நாளில் இறுதிச் சான்று. சான்றுகளோடு கிளை அலுவலகத்தில் கோரிக்கை கொடுத்தால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் கிடையாது. ஆனால் முந்தைய நோய்க்காலம் முடிந்து பதினைந்து நாட்களுக்குள் மறுபடி படுத்தால் அந்த இரண்டு நாள் கழிப்பு இல்லை. தனியார் மனநல மருத்துவரிடம் பார்ப்பவர்கள் செய்யும் பொதுவான தவறு, அவர் எழுதித் தந்த சான்றை மட்டும் வைத்துக்கொண்டு டிஸ்பென்சரிப் பக்கமே போகாமல் இருப்பது. மாத்திரை யாரிடம் வாங்கினாலும், விடுப்புச் சான்றுக்கு முதல் நாளிலிருந்தே டிஸ்பென்சரியில் பதிந்துவிடுவது நல்லது.

எங்கள் குடும்பம் தடுமாறிய இன்னொரு இடமும் இருக்கிறது. தம்பியைக் குணசீலத்துக்கு அழைத்துப்போய் ஒரு மண்டலம் தங்கவைக்க வேண்டும் என்று அத்தை சொன்னார். மனம் கலங்கியவர்களைத் திருச்சிக்கு அருகிலுள்ள அந்தப் பெருமாள் கோவிலுக்கு அழைத்துச் செல்வது பல தலைமுறை வழக்கம். அத்தையின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் உதவித்தொகை பெறுபவர் குறிப்பிட்ட மருத்துவரின் சிகிச்சையில் தொடர வேண்டும், அவர் அனுமதியின்றி அந்தப் பகுதியை விட்டுப் போகக் கூடாது என்று 1948 சட்டத்தின் 64ஆம் பிரிவு சொன்னது. நாற்பத்தெட்டு நாள் சொல்லாமல் போயிருந்தால் மாத்திரையும் நின்றிருக்கும், பணமும் நின்றிருக்கும். டிஸ்பென்சரி மருத்துவரிடம் நேராகக் கேட்டோம். மாத்திரைகளைக் கையில் கொடுத்து மூன்று நாள் போய்வர அனுமதித்தார். கோவிலுக்கும் தர்காவுக்கும் போவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. மருந்தை விட்டுவிட்டுப் போவதைத்தான் தடுக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடி தர்காவுக்கு அருகிலிருந்த ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களும் ஏதோ ஒரு வீட்டின் அத்தைகளும் அண்ணன்களும்தான். வேறு வழி தெரியாமல் விட்டவர்கள்.

இனி நாட்களின் கணக்குக்கு வருகிறேன். சட்டத்தின் நாட்காட்டியும் நோயின் நாட்காட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரை தொடங்கினால் பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முழுப் பலனைக் கணிக்க இன்னும் சில வாரங்கள். முதல் மாத்திரை ஒத்துவராவிட்டால் வேறொன்றை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தம்பிக்கு அப்படித்தான் ஆனது. முதல் மாத்திரையில் தூக்கம் மட்டும் வந்தது, உற்சாகம் வரவில்லை. ஏழாவது வாரம் மருந்தை மாற்றினார்கள். இரண்டாவது மருந்து வேலைசெய்யத் தொடங்கி, அவன் தானாக எழுந்து வாசலில் வந்து உட்கார்ந்தபோது மார்ச் பாதி கடந்திருந்தது. 91 நாட்களில் பெரும்பகுதி அதற்குள் தீர்ந்திருந்தது. எலும்பு முறிவுக்கு எத்தனை வாரம் என்று மருத்துவர் ஓரளவு சொல்லிவிடுவார். மனதுக்கு அப்படிச் சொல்ல முடிவதில்லை. சொல்லும்படி கேட்கும் மேலாளரைத்தான் தினமும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

91 நாட்களுக்குப் பிறகும் ஒரு வழி இருக்கிறது. பலருக்குத் தெரியாத வழி. நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களை இ.எஸ்.ஐ. பட்டியலிட்டிருக்கிறது. காசநோய், புற்றுநோய், பக்கவாதம், இதய நோய் ஆகியவற்றோடு மனநோய்களும் அதில் உண்டு. மனச்சிதைவு, உள்ளிருந்து எழும் மனச்சோர்வு, மிகையெழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய், மறதிநோய் ஆகிய நான்கு. இவற்றில் ஒன்று இருந்தால் தினக்கூலியில் 80 சதவீதமாக உயர்த்தப்பட்ட நீட்டிப்பு உதவித்தொகை கிடைக்கும். முதலில் 124 நாட்கள், பின்னர் 309 நாட்கள் வரை. மருத்துவக் குழு பரிந்துரைத்தால் இரண்டு ஆண்டுகள் வரைகூட நீளலாம். நிபந்தனை சற்றுக் கடுமையானது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் 156 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலின் சொற்களைக் கவனியுங்கள். மனச்சோர்வை ‘உள்ளிருந்து எழுவது’, ‘சூழ்நிலையால் எழுவது’ என்று இரண்டாகப் பிரித்த காலம் ஒன்று இருந்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு தன் மூன்றாம் பதிப்பில் அந்தப் பிரிவினையைக் கைவிட்டது. இன்று எந்த மனநல மருத்துவரும் தன் சீட்டில் கடும் மனச்சோர்வு என்றோ இருமுனைக் கோளாறு என்றோதான் எழுதுவார். பட்டியலிலோ பழைய பெயர்கள் இருக்கின்றன. எங்கள் கோரிக்கை, சீட்டிலுள்ள நோய்ப்பெயர் பட்டியலில் இல்லை என்ற குறிப்போடு ஒருமுறை திரும்பி வந்தது. மருத்துவரிடம் காட்டினேன். அவர் சலிக்காமல், இந்த நோய் பட்டியலின் இந்த வகையில் அடங்குவது என்று ஒரு வரி சேர்த்து எழுதித் தந்தார். அந்த ஒரு வரிக்கு எங்கள் வீட்டின் மூன்று மாதச் சாப்பாடு என்று மதிப்பு. ஆகவே விடுப்பு இரண்டாம் மாதத்தைத் தாண்டும்போதே மருத்துவரிடம் பட்டியலைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

பதற்ற நோய்க்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. வாசற்படியைத் தாண்ட முடியாமல், கையை நூறு முறை கழுவியும் வேலைக்குக் கிளம்ப முடியாமல் தவிப்பவருக்கு 91 நாட்களோடு கதவு மூடிவிடுகிறது. முடக்கும் ஆற்றலில் இவை எதற்கும் குறைந்தவை அல்ல. பட்டியல் உடனடியாகத் திருத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தம்பியின் கணக்கைச் சொல்கிறேன். 18,000 ரூபாய் சம்பளம், நாளுக்கு 600. ஜனவரி 9ஆம் தேதி தொடங்கிய விடுப்பில் முதல் இரண்டு நாட்கள் போக, 91 நாட்களுக்கு நாளொன்றுக்கு 420 ரூபாய் வீதம் 38,220. பிறகு ஜூலை 14 வரை 94 நாட்களுக்கு 480 வீதம் 45,120. ஆகமொத்தம் 83,340 ரூபாய். வேலையிலிருந்தால் கிடைத்திருக்கும் தொகையை விடக் குறைவுதான். பணம் மாதச் சம்பளம்போல ஒன்றாம் தேதி வரவும் இல்லை. ஆனாலும் வாடகை நிற்கவில்லை. கந்துவட்டிக்காரரின் வாசலில் நிற்கவில்லை. ‘என்னால் வீட்டுக்குப் பாரம்’ என்று அவன் சொல்லத் தொடங்கிய வாரத்தில், பாங்க் குறுஞ்செய்தியை அவனிடம் காட்டி, ‘இது உன் பணம், ஏழு வருடம் நீ கட்டிய பணம்’ என்று அம்மா சொன்னார். எந்த மாத்திரைக்கும் குறையாத வேலையை அந்தக் குறுஞ்செய்தி செய்தது என்று நான் நம்புகிறேன்.

அப்படிப் பாரமாக உணரும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், உயிரை விடுவது பற்றிப் பேசினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044 2464 0050.

விடுப்பில் இருக்கும்போதே வேலையிலிருந்து நீக்கிவிடுவார்களா என்பதுதான் எல்லோருக்கும் இருக்கும் பயம். சான்றளிக்கப்பட்ட நோய்க்காலத்தில் தொழிலாளியை நீக்கவோ, பதவி இறக்கவோ, தண்டிக்கவோ கூடாது என்று 1948 சட்டத்தின் 73ஆம் பிரிவு தடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 வந்திருக்கிறது. பழைய விதிமுறைகள் புதிய சட்டத்தோடு முரண்படாத அளவுக்குத் தொடரவும் அதில் இடமிருக்கிறது. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இன்னொரு காப்பு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத அறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது என்கிறது அதன் 41ஆம் பிரிவு. நடைமுறையில் நீக்கல் கடிதம் வருவதைவிட, ‘உடம்பு சரியில்லாதபோது எதற்கு அலைச்சல், எழுதிக் கொடுத்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற கனிவான அழைப்புதான் அதிகம் வருகிறது. தம்பிக்கும் வந்தது. மனச்சோர்வில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். தான் எதற்கும் தகுதியில்லை என்று நோயே அவர் காதில் ஓதிக்கொண்டிருக்கும்போது, ராஜினாமாக் கடிதம் அவருக்கு நியாயமாகவே தோன்றும். நோய் கடுமையாக இருக்கும் வாரங்களில் அவர் எதிலும் கையெழுத்திடக் கூடாது. கேட்டால், சிகிச்சை முடிந்ததும் பேசுகிறோம் என்று வீட்டார் சொல்லட்டும்.

21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களின் நிலை பல விதத்தில் இதைவிட மோசம். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் இருப்பவருக்கு நோய்க்காலச் சம்பளத்துக்கென்று ஓர் அரசுத் திட்டம் கிடையாது. மேற்சொன்ன கடைகள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் மருத்துவ விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும் தருகிறது. ஓராண்டு பணி முடித்தால் இன்னொரு 12 நாள் ஈட்டு விடுப்பு. மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர் என்று வகைப்படுத்திவிட்டால் அதுவும் பொருந்தாது. அதற்குமேல் நிறுவனத்தின் நல்ல மனம்; அது தீர்ந்தால் சம்பளமில்லா விடுப்பு. மனநல மருத்துவப் பாதுகாப்புச் சட்டம், 2017 மனநோய்ச் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு வழங்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. நல்ல சட்டம். ஆனால் குழுக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். வாரம் ஒருமுறை ஆலோசனைக்குப் போய், வீட்டில் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகும் மனச்சோர்வுக்கு அது அதிகம் உதவாது. இழந்த சம்பளத்தை ஈடுசெய்யவும் செய்யாது. வருங்கால வைப்பு நிதியில் நோய்க்காக முன்பணம் எடுக்க வழியிருக்கிறது. அது நம் முதுமைக்காகச் சேர்த்த நம் பணம். 20,500 ரூபாயில் இ.எஸ்.ஐ.யில் இருந்தவர், சம்பள உயர்வு பெற்று 21,500க்குப் போனால், நடப்புச் சந்தாக் காலம் முடியும்வரை திட்டத்தில் தொடர்ந்து, பிறகு வெளியேறுகிறார். ஆயிரம் ரூபாய் உயர்வு அவருடைய நோய்க்காலப் பாதுகாப்பை எடுத்துக்கொண்டுவிடுகிறது.

நோயின் பெயரை அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு என்னால் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. மனநலத் தகவல்களின் இரகசியத்தைக் காக்கும் கடமையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர்கள் மேல் வைத்திருக்கிறது. மேலாளர் தொலைபேசியில் கேட்டார் என்பதற்காக நோயாளியின் சம்மதமில்லாமல் விவரம் சொல்வது தவறு. ஆனால் திரும்பிய பிறகு வேலை நேரத்தில் மாற்றம் வேண்டும் என்றால் யாரோ ஒருவரிடமாவது சொல்லியாக வேண்டும். தம்பி மனிதவளப் பிரிவு அதிகாரியிடமும் தன் ஷிப்ட் பொறுப்பாளரிடமும் மட்டும் சொன்னான். அதுவே போதுமானதாக இருந்தது.

திரும்பும் நாள்தான் இந்த ஏற்பாட்டின் மிகப் பலவீனமான இடம். நிறுவனம் கேட்ட காகிதத்தின் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது: உடற்தகுதிச் சான்று. மனம் அந்தச் சொல்லில் இல்லை. இ.எஸ்.ஐ. சட்டத்தைப் பொறுத்தவரை ஒருவர் வேலைக்குத் தகுதியற்றவர், அல்லது தகுதியானவர். நேற்றுவரை நோயாளி, இன்று காலை ஆறு மணி முதல் முழுத் தொழிலாளி. வேலை செய்து சம்பளம் வாங்கும் எந்த நாளுக்கும் உதவித்தொகை கிடையாது என்று அதன் 63ஆம் பிரிவு சொன்னது. இரட்டைப் பணம் வாங்குவதைத் தடுக்கவே அது எழுதப்பட்டது, அதில் தவறில்லை. ஆனால் அதன் விளைவாக, அரை நாள் வேலை செய்து அரை நாள் ஓய்வெடுக்கும் மனிதருக்கு இடமே இல்லாமல் போனது. மனநோயிலிருந்து மீள்பவர் பல மாதங்கள் அந்த அரை நாள் மனிதராகத்தான் இருக்கிறார். சோர்வு நீங்கிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்தைத் தொடரச் சொல்வது வழக்கம். ஆகவே திரும்பி வருபவர் மாத்திரையோடுதான் வருகிறார். காலையில் தலை கனக்கும். சிலருக்கு விரல் நடுங்கும். கவனம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காது.

இதைப் புரிந்துகொள்வது நம் தொழிற்சாலைகளுக்கு ஒன்றும் கடினமில்லை. கை முறிந்து திரும்புகிறவருக்கு ‘லைட் டியூட்டி’ கொடுப்பது எல்லாப் பட்டறைகளிலும் உள்ள பழக்கம். பிரஸ் மெஷினிலிருந்து எடுத்து, சில வாரம் ஸ்டோரிலோ பேக்கிங்கிலோ உட்காரவைப்பார்கள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல், சக மனிதரின் கையைப் பார்த்து ஃபோர்மேன் எடுக்கும் முடிவு அது. அந்தக் கண் மனதின் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனியில் இதையே முறைப்படி செய்கிறார்கள். மருத்துவர் வகுத்த திட்டப்படி முதலில் நாளுக்குச் சில மணி நேரம், பிறகு படிப்படியாகக் கூட்டி முழு நேரம். அந்த வாரங்களில் நோய்க்காலப் பணம் தொடர்ந்து வரும். பிரிட்டனில் 2010 ஏப்ரலில் மருத்துவச் சான்றையே மாற்றினார்கள். ‘தகுதியில்லை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், சில மாற்றங்கள் செய்தால் வேலை செய்யலாம் என்று இன்னொரு கட்டத்தைச் சேர்த்தார்கள். நம் டிஸ்பென்சரிப் படிவத்திலும் அப்படி ஒரு கட்டத்தை அச்சிட அதிகச் செலவாகாது.

கேட்க வேண்டியது என்ன என்பது நோயைப் பொறுத்தது. இருமுனைக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கம் கெடுவதே நோயைத் திரும்ப அழைத்துவரும். ஷிப்ட் மாறிமாறி வரும் தொழிற்சாலையிலும் இரவுநேரக் கால் சென்டரிலும் இருப்பவர் இரவு ஷிப்டிலிருந்து விலக்குக் கேட்டு மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும். அந்த நோய்க்கு லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவருக்கு அவ்வப்போது இரத்தப் பரிசோதனை உண்டு. வெயிலிலும் உலைக்களத்திலும் வேர்த்து நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும் ஆபத்து இருக்கிறது. கை நடுங்குபவரைக் கடைசல் இயந்திரத்தில் நிறுத்துவது அவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. இவை எல்லாம் சலுகை கேட்பதாகத் தோன்றலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் இயலாமைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பணிக்காலத்தில் இயலாமை ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பொருத்தமான வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று அதன் 20ஆம் பிரிவு சொல்கிறது. எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் இருந்த ஒரு மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரியின் வழக்கில், மனநல இயலாமையோடு தொடர்புடைய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாட்டின் ஒரு முகம் என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 17ஆம் தேதி தீர்ப்பளித்தது. தனியார் துறை ஊழியருக்கு இவ்வளவு வலுவான கவசம் இல்லை. ஆனால் எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்குங்கள்.

இது எதுவும் சென்னைக்குப் புதிதல்ல. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்த டாக்டர் சாரதா மேனன், மருந்தோடு வேலைப் பயிற்சியும் சேர்ந்தால்தான் சிகிச்சை முழுமையாகும் என்பதைத் தன் வாழ்நாள் பணியாக வைத்திருந்தார். ஓய்வுக்குப் பிறகு 1984இல் அவர் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், ஸ்கார்ஃப், அண்ணா நகரில் இன்றும் அந்தப் பாதையில் நடக்கிறது. எந்த இடத்தின் பெயரை நாம் வசையாக்கினோமோ, அதே இடத்திலிருந்துதான் இந்த எண்ணம் நகரத்துக்குக் கிடைத்தது.

முதலில் சொன்ன 78 நாள் கணக்கு இங்கேதான் திரும்பி வருகிறது. உதவித்தொகை வாங்கும் நாட்களில் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாத நாளுக்குச் சந்தா இல்லை. ஒரு சந்தாக் காலத்தின் பெரும்பகுதி விடுப்பில் போய்விட்டால் 78 நாட்கள் சேராது. அப்படியானால் அதற்குரிய அடுத்த பயன்காலத்தில் நோய்க்கால உதவித்தொகை கிடையாது. மனச்சோர்வு திரும்பி வரக்கூடிய நோய். ஒருமுறை நீண்ட நாள் படுத்தவருக்கே அடுத்த முறை பணம் இல்லாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

இதை எங்களுக்குச் சொன்னவர் தம்பியின் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். ஜூலை இரண்டாம் வாரம் வீட்டுக்கு வந்தார். இறுதிச் சான்றை எந்தத் தேதியில் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். 17ஆம் தேதி திங்கட்கிழமை போகட்டும் என்றார் அம்மா. சனிக்கிழமை புதிதாக எதையும் தொடங்காத வீடு எங்களுடையது. மருத்துவரும் சில நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருந்தார். பெரியவர் நாட்காட்டியைக் கேட்டு வாங்கினார். விரலால் ஒவ்வொரு நாளாகத் தொட்டு எண்ணினார். ‘திங்கட்கிழமை சேர்ந்தால் செப்டம்பர் 30க்குள் 76 நாள்தான் ஆகிறது அம்மா. சனிக்கிழமை, 15ஆம் தேதி சேர்ந்தால் சரியாக 78. மாதச் சம்பளம் என்பதால் ஞாயிறும் சேரும். ஆனால் ஒரு நாள்கூடச் சம்பளம் பிடிக்கப்படக் கூடாது. பிடித்தால் ஜனவரியிலிருந்து ஜூன் வரை தம்பிக்கு எதுவும் கிடைக்காது’ என்றார்.

தம்பி சனிக்கிழமை காலை போனான். ஷிப்ட் பொறுப்பாளர் அவனை இரண்டு மாதம் இயந்திரத்துக்கு அனுப்பாமல், தரப் பரிசோதனை மேசையில் அளவுக்கருவிகளோடு உட்காரவைத்தார். மருத்துவரைப் பார்க்கும் நாட்களுக்கு அவன் சேமித்துவைத்திருந்த ஈட்டு விடுப்பைக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் இரண்டு நாட்கள் அவனால் எழுந்திருக்கவே முடியவில்லை. அந்த இரண்டு நாட்களுக்கும் விடுப்பு மிச்சம் இருந்தது. செப்டம்பர் 30ஆம் தேதி இரவு, மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த நாட்காட்டியில் எழுபத்தெட்டாவது நாளை அவனே பேனாவால் சுழித்தான்.